அவள் எப்படி நானானாள்?

ஒரே நாவலைப் படித்த மூன்று தோழிகள் நாங்கள். ஒருத்தி நாலு பேர் கூடிய இடத்தில் வாயே திறக்கமாட்டாள். இன்னொருத்தி எதிரில் யார் இருந்தாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். மூன்றாவது நான். சொல்ல வேண்டியதை உள்ளுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த பிறகுதான் பேசுவேன். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை முடித்த அன்று மூன்று பேருமே அதன் நாயகியைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: எலிசபெத் அப்படியே நான்தான்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மூவருக்கும் பொதுவான குணம் ஒன்றைக்கூட எங்களால் தேடிப் பிடிக்க முடியவில்லை. அப்படியென்றால் அவளிடம் நாங்கள் எதைத்தான் கண்டோம்?

உளவியல் படித்தவர்கள் முதலில் சொல்வது ஒரு பழைய சோதனையை. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, “இது உங்கள் ஆளுமை” என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்திருந்தது வரிக்கு வரி ஒரே தாள்! ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்த வாக்கியங்கள். சில நேரம் கலகலப்பு, சில நேரம் ஒதுக்கம். வெளியே உறுதி, உள்ளே கலக்கம். இப்படி எழுதினால் யாருக்குத்தான் பொருந்தாது?

‘நீங்கள் எந்த நாயகி?’ என்று கேட்கும் வினாடி வினாக்கள் நம்மை இவ்வளவு எளிதாகத் திருப்திப்படுத்துவதற்கு இது பெரும்பாலும் போதுமான விளக்கம். நாவலுக்கு இது போதாது என்பது என் எண்ணம். எலிசபெத் மங்கலாக வரையப்பட்ட பெண் அல்ல. வயது இருபது. ஐந்து சகோதரிகளில் இரண்டாமவள். உடம்பு சரியில்லாமல் வேறொரு வீட்டில் தங்க நேர்ந்த அக்காவைப் பார்க்கச் சேற்று வயல்களைத் தாண்டி மூன்று மைல் தனியாக நடந்து போகிறவள். அப்படியொரு சமூகத்திலேயே வாழாதவர்கள், மூன்று மைல் நடக்கவே விரும்பாதவர்கள்கூட அவளில் தங்களைக் காண்கிறார்கள். பொதுப்படையான வாக்கியங்கள் செய்யும் வேலை அல்ல இது.

நாம் எல்லோரையும் வெளியிலிருந்துதான் அறிகிறோம். முகம், குரல், செய்த காரியம், சொன்ன சொல் இவற்றைக் கொண்டு உள்ளே என்ன ஓடுகிறது என்று ஊகிக்கிறோம். உள்ளேயிருந்து நமக்குத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான்: நாம். இந்த விதி உடைகிற இடம் கதை. அங்கே இன்னொருவரின் தயக்கம், அவசரத் தீர்ப்பு, வாய்க்குள்ளேயே விழுங்கிய பதில் எல்லாம் தோன்றிய கணத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

எழுத்தாளர் இதைச் செய்யும் நுட்பத்தை ஒரு சிறு உதாரணத்தில் பார்க்கலாம். “அவன் வரமாட்டான் என்று அவள் நினைத்தாள்” என்று எழுதினால் கதைசொல்லி நடுவில் நிற்பது தெரிகிறது. “அவள் சன்னலை மூடினாள். அவன் எதற்கு வரப்போகிறான்? வந்துதான் என்ன ஆகப்போகிறது?” என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கேள்விகள் யாருடையவை? அவளுடையவைதான். ஆனால் ‘என்று நினைத்தாள்’ என்ற வேலி இல்லாததால், படிக்கும்போது அவை நம் மனக்குரலிலேயே ஒலிக்கின்றன. ஆங்கில நாவலில் இந்த முறையை இவ்வளவு தொடர்ச்சியாகவும் நேர்த்தியாகவும் கையாண்ட முன்னோடிகளில் ஆஸ்டினுக்கு முக்கிய இடம் உண்டு. எலிசபெத்தின் எண்ணத்தை நாம் நம் குரலில் நினைத்து முடிக்கிறோம். பிறகு, ‘நானும் இப்படித்தான் நினைப்பேன்’ என்று தோன்றுவதில் வியப்பில்லை. சற்று முன்புதானே அப்படி நினைத்தோம்!

இதன் தடம் மூளையில் தெரிகிறதா? நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டி ஒரு பகுதி இருக்கிறது. ‘நான் நேர்மையானவளா? பொறுமைசாலியா?’ என்று நம்மையே எடைபோடும்போது அங்கே செயல்பாடு கூடுவதை ஸ்கேன் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அடுத்தவரைப் பற்றி யோசிக்கும்போது பொதுவாக அந்த அளவுக்குக் கூடுவதில்லை. 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 19 பேரை, மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்தார்கள். திரையில் ஒரு பெயரும் ஒரு குணமும் தோன்றும். பெயர் அவர்களுடையதாக இருக்கும், நண்பருடையதாக இருக்கும், அல்லது தொடரில் வரும் ஒருவருடையதாக இருக்கும். அந்தக் குணம் அந்த ஆளுக்குப் பொருந்துமா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கதைமாந்தரோடு எளிதில் ஒன்றிப்போகும் இயல்புடையவர்களுக்கு, ‘நான்’ பற்றி யோசிக்கையில் அந்தப் பகுதியில் தென்பட்ட செயல்பாடும் கதைமாந்தரைப் பற்றி யோசிக்கையில் தென்பட்டதும் ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. தங்களுக்கு நெருக்கமாகத் தோன்றிய மாந்தர் விஷயத்தில் இது இன்னும் தெளிவாக இருந்தது. 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. செயல்பாடு ஒத்திருக்கிறது என்பதற்காக மூளை அவளையும் நம்மையும் குழப்பிக்கொள்கிறது என்று சொல்லிவிடவும் கூடாது. இருந்தாலும், இல்லாத ஒருத்தியைப் பற்றி யோசிக்க நம்மைப் பற்றி யோசிக்கும் அதே இடம் வேலை செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

என்னை இதைவிட அதிகம் யோசிக்கவைத்தது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. 2012இல் ஜெஃப் காஃப்மன், லிசா லிபி என்ற இரு உளவியலாளர்கள் வாசகர் தன் அடையாளத்தை மறந்து பாத்திரத்தின் எண்ணங்களையும் உணர்வுகளையும் தனதாக்கிக்கொள்ளும் நிலையை ஆராய்ந்தார்கள். நம்மிடம் இதற்கு எவ்வளவோ காலமாக ஒரு சொல் இருக்கிறது: கூடுவிட்டுக் கூடு பாய்தல். அவர்களுடைய சோதனைகளில் ஒன்றில், சிலர் கண்ணாடி மாட்டிய சிறு அறையில் உட்கார்ந்து கதை படித்தார்கள். கண்ணாடி இருந்த அறையில் இந்தப் பாய்ச்சல் குறைந்துபோனது. தன் முகம் எதிரில் இருந்தால் கதைமாந்தர் உள்ளே வர முடியவில்லை.

இதைப் படித்த பிறகு, ‘நாயகியில் என்னைப் பார்த்தேன்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. படிக்கும்போது நாம் நம்மைப் பார்ப்பதே இல்லை போலிருக்கிறது. நம்மை மறந்துவிட்டு அவளாக இருக்கிறோம். புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வரும்போது, கூடவே வந்த சிலவற்றை எடுத்துப் பார்த்து ‘இது என்னுடையது’ என்கிறோம்.

அப்படி வருவது உண்மையில் எப்போதும் நம்முடையதுதானா? அதே ஆய்வாளர்கள் 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, ஓட்டுப் போடப் பல தடைகளைத் தாண்டிப் போகும் ஒரு மாணவரின் கதையைக் கல்லூரி மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். கதை ‘நான்’ என்று தன்மையில் எழுதப்பட்டு, அந்த மாணவர் தங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராகவும் இருந்தபோது, படித்தவர்களில் 65 சதவீதம் பேர் வாக்களித்ததாகப் பின்னர் சொன்னார்கள். அதே கதை வேறு பல்கலைக்கழக மாணவருடையதாக இருந்தபோது 29 சதவீதம்தான். கதையில் வந்த ஆளின் பிடிவாதம் படித்தவரின் கால்களுக்கு இறங்கியிருக்கிறது.

2011இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு வேடிக்கையானது, ஆனால் சொல்லும் செய்தி அதேதான். மந்திரவாதிகள் வரும் நாவலின் பகுதியைச் சிலரும் இரத்தக்காட்டேரிகள் வரும் நாவலின் பகுதியைச் சிலரும் அரைமணி நேரம் போலப் படித்தார்கள். உங்கள் பல் எவ்வளவு கூர்மை என்பது போன்ற கேள்விகள் பிறகு வந்தன. எதைப் படித்தார்களோ அந்தக் கூட்டத்தின் பக்கம் அவர்கள் சாய்ந்திருந்தார்கள். அரைமணி நேரத்திலேயே இப்படியென்றால், பதினாறு வயதில் ஒரு நாவலை ஐந்து முறை படித்தவளுக்கு என்ன நடந்திருக்கும்? நான் எலிசபெத்தைப் போல இருந்ததால் அவளைப் பிடித்ததா, பிடித்ததால் அவளைப் போல ஆனேனா என்று பிரித்துச் சொல்ல இன்று என்னால் முடியாது.

நினைவும் தன் பங்குக்கு இதில் கைவைக்கிறது. ‘இந்தச் சொல் உங்களைக் குறிக்குமா?’ என்று கேட்டால், அதன் பொருளை மட்டும் கேட்பதைவிட அந்தச் சொல் நன்றாக நினைவில் தங்குகிறது என்று 1977இலேயே ஒரு சோதனையில் கண்டார்கள். இதிலிருந்து நான் ஊகிப்பது: நாயகியிடமும் நம்மைத் தொட்ட பகுதிகளே ஆழமாகத் தங்குகின்றன, மற்றவை உதிர்கின்றன. ஆண்டுகள் போகப்போக, நினைவில் இருக்கும் அவள் புத்தகத்தில் இருப்பவளைவிட நமக்கு நெருங்கியவளாகிவிடுகிறாள்.

எலிசபெத் என்றதும் எங்கள் மூவருக்கும் நினைவுக்கு வந்தது அவளுடைய துணிச்சலான பதில்கள்தான். அவளிடம் மணம் கேட்டு மறுக்கப்பட்ட டார்சியை அவள் தவறாக எடைபோட்டது யாருக்கும் முதலில் நினைவுக்கு வரவில்லை. நாவலின் நடு அச்சே அந்தத் தவறுதான். டார்சி கொடுத்த கடிதத்தை, அதில் ஒரு வார்த்தையையும் நம்பக்கூடாது என்ற முடிவோடுதான் அவள் படிக்கத் தொடங்குகிறாள். இனி இதைத் தொடவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை, மறுபடி பிரிக்கிறாள். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திப் படித்து, தன் பழைய நினைவுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். இரண்டு மணி நேரம் அந்தப் பாதையிலேயே நடக்கிறாள். இதுவரை தன்னைத் தான் அறிந்ததே இல்லை என்று அவளுக்குப் புரிவது அப்போதுதான். அவளும் ஒரு வாசகி. பிடிக்காத ஒரு பிரதியில் தன்னைக் கண்டவள்.

பிடிக்காத குணத்தை நம்மிடம் ஒப்புக்கொள்ள கதை உதவுகிறது என்பதற்கும் ஓர் ஆய்வு துணை நிற்கிறது. நேரில், நம்மைப் போன்ற ஒருவரிடம் கெட்ட குணம் இருந்தால் நாம் விலகிப்போக முனைகிறோம். கதைமாந்தர் பற்றிய ஓர் இணையதளத்தின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் தரவுகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, கதையில் அப்படி விலகுவதில்லை என்று காட்டியது. தங்களைப் போன்ற வில்லன்களிடமே மக்கள் கூடுதலாக ஈர்க்கப்பட்டார்கள். கதை என்பதால் நம் மானம் அங்கே பத்திரமாக இருக்கிறது. தைரியமாக உற்றுப் பார்க்கலாம்.

சமீபத்தில் அந்த நாவலை மறுபடி எடுத்தேன். எலிசபெத்தைப் பிடித்தது, ஆனால் அவள் எனக்குச் சற்றுத் தள்ளித்தான் நின்றாள். நான் நின்றுபோன இடம் அவளுடைய தோழி ஷார்லட் வரும் பக்கம். வயது இருபத்தேழு. காதல் இல்லாமல், ஒரு வீடும் பாதுகாப்பும் வேண்டி, அசட்டு மனிதர் ஒருவரைக் கட்டிக்கொள்ள ஒப்புக்கொள்கிறவள். பதினாறு வயதில் அவளை எலிசபெத்தின் கண்ணால்தான் பார்த்து வருத்தப்பட்டிருந்தேன். இந்த முறைதான் கவனித்தேன்: அவள் சம்மதம் சொன்ன பிறகு, ஒரு பத்தி நேரம் கதைசொல்லி எலிசபெத்தை விட்டுவிட்டு ஷார்லட்டின் மனதுக்குள் போகிறார். ஒரே ஒரு பத்தி. அதை என் குரலில் இரண்டு முறை படித்தேன்.