பிளாக்கரண்டைக் கறிவேப்பிலை போல வளர்க்காதீர்கள்

இந்த வசந்தத்தில் இப்படித் திரும்பி வந்த ஐந்தாவது பிளாக்கரண்ட் செடி இது, சிறு கறுப்புப் பழம் காய்க்கிற புதர். ஏப்ரல் கடைசியில் ஒரு அம்மா காரின் பின்சீற்றில் தொட்டியோடு கொண்டுவந்து இறக்கினார். கொப்புகளின் நுனியில் மட்டும் நாலைந்து வெளிறிய இலைகள், கீழே முழுக்க மொட்டை. "தம்பி, குளிரைத் தாங்கும் எண்டு சொல்லித்தானே தந்தனீங்கள்?" என்றார். குளிர்காலத்தில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "வீட்டுக்குள்ளதான். கறிவேப்பிலையோட சேர்த்து ஹீட்டருக்குப் பக்கத்தில வச்சுப் பிள்ளை மாதிரிப் பார்த்தனான்."

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு நேர்சரியில் பழச்செடிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். கறிவேப்பிலையை ஒக்டோபரில் உள்ளே எடுக்காவிட்டால் செத்துவிடும் என்பது இங்குள்ள எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில் பிளாக்கரண்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். இந்தச் செடிக்குக் குளிர் வேண்டும். குளிரைத் தாங்குவதோடு முடிகிற சங்கதி இல்லை இது. குளிர் கிடைக்காவிட்டால் மொட்டு ஒழுங்காக விரியாது, பூ குறையும், காயும் இராது. பெரும்பாலான வகைகளுக்கு ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆயிரம் மணித்தியாலம் அளவில் வேண்டும், சிலவற்றுக்கு அதைவிட அதிகம். ஆயிரம் மணித்தியாலம் என்றால் இரவு பகலாக ஆறு கிழமை. உங்கள் வீட்டு ஹோலில் 21 பாகை. அங்கே வைத்த செடிக்கு அந்தக் கணக்கில் ஒரு மணித்தியாலம்கூடச் சேராது.

இதை நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 'பென் லோமொண்ட்', 'பென் சாரெக்' என்று மலைப்பெயர் சூட்டிய வகைகள் ஸ்கொட்லாந்தில், டண்டீக்கு அருகே உருவானவை. அங்குள்ள ஜேம்ஸ் ஹட்டன் ஆய்வு நிறுவனம், குளிர்காலம் வரவர மிதமாகிறது என்பதற்காகவே குறைந்த குளிரிலும் காய்க்கும் வகைகளைத் தேடி உழைக்கிறது. ஸ்கொட்லாந்துக் குளிரே போதாமல் போகுமோ என்று அவர்கள் பயப்படுகிறார்கள். நாங்கள் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கிறோம்.

அந்த அம்மா வாங்கியது 'கொன்சோர்ட்'. ஒட்டாவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் பிறந்த கனடிய வகை. 'கெரி' என்ற பிளாக்கரண்ட் வகையையும் ஆசியாவின் உசூரி என்ற காட்டு வகையையும் கலந்து எடுத்தது. வெண்பைன் போன்ற ஐந்தூசிப் பைன் மரங்களைக் கொல்லும் துரு நோய் இடையில் தங்கிப் பரவுவது பிளாக்கரண்ட் இனச் செடிகளில் என்பதால் அமெரிக்கா 1911 முதல் 1966 வரை அவற்றை நாடு முழுவதும் தடை செய்திருந்தது. அந்த நோய்க்கு இடங்கொடாத செடி வேண்டும் என்றுதான் ஒட்டாவாவில் இந்தக் கலப்பைச் செய்தார்கள். (அந்த எதிர்ப்பை உடைக்கும் துருவும் அமெரிக்காவின் வடகிழக்கில் தலைகாட்டிவிட்டது. பக்கத்தில் வெண்பைன் நிற்கிறவர்கள் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செம்மஞ்சள் பொடி தெரிந்தால் விட்டுவைக்காதீர்கள்.)

நிலத்தில் நட்ட கொன்சோர்ட், மைனஸ் 30 பாகையையும் தாண்டி நிற்கும். ஒற்றைச் செடியே தன் மகரந்தத்தில் காய்க்கும், துணைச்செடி தேவையில்லை. பழம் சிறிது, வாசனை கடுமையானது. பச்சையாகத் தின்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், ஜாமுக்கு அருமை. எங்கள் கடைகளில் பிளாக்கரண்ட் என்று பக்கெற்றில் விற்கிற காய்ந்த பழம் பெரும்பாலும் சிறு திராட்சை. அந்த இனிப்பை இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பெரிய குறையும் உண்டு: சாம்பல் நோய்க்கு இது எளிதில் ஆளாகும், தளிரெல்லாம் மாப்பூசியதுபோல் வெளுக்கும். காற்றோட்டமில்லாத வேலியோரத்தில்தான் நடப்போகிறீர்கள் என்றால், கொன்சோர்ட்டின் வழிவந்த சுவீடன் வகையான 'டைட்டானியா'வை வாங்குங்கள். அதைத்தான் நான் சொல்வேன், விற்பனைக்காகச் சொல்லவில்லை.

இன்னொன்று. மைனஸ் 30 தாங்கும் செடி மே மாதத்தில் மைனஸ் 2க்குத் தோற்றுப்போகும். உறங்கும் மொட்டின் பலம் விரிந்த பூவுக்கு இல்லை. "பூ நிறைய வந்தது, காயைக் காணவில்லை" என்று சொல்கிறவர்களிடம் பூவைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். இதழ் நன்றாகத்தான் இருக்கும், நடுவில் சூல்முடி கறுத்திருக்கும். பனி எச்சரிக்கை வந்த மாலையில் ஒரு பழைய பெட்ஷீற்றை நிலம் தொடும்படி போர்த்துங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். பள்ளத்தில் நடாதீர்கள், குளிர்காற்று அங்கேதான் தேங்கும்.

தொட்டியில்தான் வளர்க்க முடியும் என்றால், தொட்டியில் வேருக்கு நிலத்தின் காப்பு இல்லை என்பதை மறக்காதீர்கள். நவம்பருக்குள் தொட்டியோடு மண்ணில் புதைத்துவிடுங்கள். பல்கனி மட்டும் உள்ளவர்களுக்கு ஹீட்டர் இல்லாத கராஜ் போதும். மண் முற்றாகக் காயாமல் இடைக்கிடை கொஞ்சம் தண்ணீர். பேஸ்மென்ட் வேண்டாம், அங்கே சூடு அதிகம். வெளிச்சம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள், இலையில்லாத செடிக்கு அது பொருட்டில்லை.

நடும்போது தொட்டியில் இருந்ததைவிட ஐந்து சென்றிமீற்றர் ஆழமாக இறக்குங்கள், அடியிலிருந்து புதுக்கொப்புகள் வெடிக்கும். அவற்றை அசிங்கம் என்று வெட்டாதீர்கள்! நன்றாகக் காய்ப்பது போன வருடம் வளர்ந்த கொப்பில்தான். வெட்ட வேண்டியது கறுத்து முதிர்ந்த பழைய கொப்புகளை, வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, அடியோடு.

அந்த அம்மாவின் செடி சாகவில்லை. வேர் வெள்ளையாக, உயிரோடு இருந்தது. பனி முடியும் வரை பொறுத்து முற்றத்தில் நட்டுவிட்டு இனி அசைக்காதீர்கள், இந்த வருடம் பழம் கேட்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். "ஸ்னோ மூடினாலுமா தம்பி?" என்றார்.

மூடினாலும்தான் அம்மா. ஸ்னோ வேருக்குப் போர்வை.