கரஸ்ஸில் சேருமுன் அனுமதியை எங்கே, எப்படிப் பார்ப்பது?

கரஸ்ஸில், அதாவது தொலைநிலைப் படிப்பில், சேரும் நாளில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை, ஐந்தாறு வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்கிறார்கள்: "நீங்கள் சேர்ந்த வருடம் இந்தப் படிப்புக்கு யுஜிசி அனுமதி இருந்ததா?" யுஜிசி என்பது பல்கலைக்கழக மானியக் குழு. மூன்று வருடம் பணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு பஸ் ஏறிப் போய், அரியரையும் முடித்து வாங்கிய பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அனுமதி வாங்காமல் பாடம் நடத்தியது பல்கலைக்கழகம். அலைவது மட்டும் மாணவர்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2013 வரை தொலைநிலைப் படிப்புகளுக்கு அனுமதி கொடுத்தது இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) கீழ் இருந்த தொலைநிலைக் கல்விக் கவுன்சில். அது கலைக்கப்பட்ட பிறகு அந்த வேலை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு வந்தது. 'டெப்' என்பது இதைத்தான். இப்போது நடைமுறையில் இருப்பவை 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட விதிமுறைகள், அவற்றுக்குப் பின்னால் வந்த திருத்தங்கள். பொதுவாக, ஒரு பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பு நடத்த விண்ணப்பிக்க வேண்டுமென்றால் உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 4க்கு 3.01 புள்ளியாவது வேண்டும், அல்லது மத்திய அரசின் என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்குக் கணக்கு வேறு.

இந்தத் தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். விண்ணப்பித்து, யுஜிசி பரிசீலித்து, இன்னின்ன படிப்பை, தொலைநிலை அல்லது ஆன்லைன் முறையில், இந்த அமர்விலிருந்து (சேர்க்கைப் பருவத்திலிருந்து) நடத்தலாம் என்று கடிதம் கொடுத்தால்தான் அது அனுமதி. ஒரே பல்கலைக்கழகத்தில் பி.காமுக்கு இருக்கும், பி.எஸ்சிக்கு இருக்காது. தொலைநிலையில் இருக்கும், ஆன்லைனில் இருக்காது. போன வருடம் இருந்தது இந்த வருடம் போயிருக்கும். "யுஜிசி அப்ரூவ்டு, நாக் ஏ பிளஸ்" என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அது அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிய செய்தி. நீங்கள் சேரப்போகும் படிப்பைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

பழைய, பெரிய, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கரஸ் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அனுமதி இருந்தது, அதற்குப் பிறகு கொடுக்கவில்லை என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது. இடையில் இருந்த அத்தனை வருடங்களிலும் மாணவர்கள் சேர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். அறிவிப்பை அந்த வருடங்களிலேயே ஊரெல்லாம் தெரியும்படி சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று யுஜிசியைக் கேட்கத் தோன்றுகிறது. அதன் பழக்கம் அப்படி: இணையதளத்தில் ஒரு பிடிஎஃப் போடும், எல்லோரும் படித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

இதைவிடக் கடுமையானது 2017 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சேலத்தில் உள்ள விநாயகா மிஷன்ஸ் உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதி இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்த வழக்கு அது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்தது, ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) நடத்தும் தேர்வில் தேறினால்தான் செல்லும் என்றது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் என்பது உண்மைதான். அந்தப் பட்டத்தை வைத்து வாங்கிய பதவி உயர்வும் சேர்ந்தே பறிபோனது.

சரி, பார்ப்பது எப்படி? டெப் டாட் யுஜிசி டாட் ஏசி டாட் இன் என்ற தளத்தில் ஒவ்வொரு அமர்வுக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. அமர்வு வருடத்துக்கு இரண்டு: ஜூலை-ஆகஸ்ட், ஜனவரி-பிப்ரவரி. நீங்கள் சேரும் அமர்வைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகத்தைத் தேடி, படிப்பின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். "பிஏ ஆங்கிலம்" பட்டியலில் இருந்தால் "பிஏ கம்யூனிகேட்டிவ் ஆங்கிலம்" இருக்கிறது என்று அர்த்தமில்லை. அப்புறம் பல்கலைக்கழகத்தின் தளத்துக்குப் போய் யுஜிசியின் அனுமதிக் கடிதத்தை எடுங்கள். அதை வெளியிட வேண்டியது அவர்கள் கடமை. கடிதத்தின் இணைப்பில்தான் படிப்புகளின் பெயரும் அமர்வும் இருக்கும்; முதல் பக்கத்தை மட்டும் காட்டி அனுப்பிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டையும் சேரும் நாளிலேயே இறக்கி, பிரிண்ட் எடுத்து, பணம் கட்டிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தளம் மாறியிருக்கும், கோப்பு திறக்காது. கல்லூரியில் கேட்டால் "யுஜிசியில் கேளுங்கள்" என்பார்கள். யுஜிசியில் கேட்டால் "தளத்தில் இருக்கிறது" என்பார்கள். வேலை கொடுக்கிற அலுவலகமோ "லெட்டர் கொண்டு வாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும்.

"வழக்கு நடக்கிறது, ஸ்டே இருக்கிறது, சேரலாம்" என்று சொன்னால் சேராதீர்கள். "அப்ளை பண்ணிட்டோம், அடுத்த மாசம் வந்துடும்" என்றால், வந்த பிறகு பணம் கட்டுங்கள். கடைசித் தேதியை யுஜிசி பெரும்பாலும் நீட்டிக்கத்தான் செய்கிறது. ஒரு அமர்வு தள்ளிப்போனால் நஷ்டம் ஆறு மாதம்.

அடுத்தது ஸ்டடி சென்டர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில், கீழே மொபைல் கடை, மேலே ஐந்து பல்கலைக்கழகங்களின் பெயர்ப்பலகை. இப்படி ஒன்று இல்லாத ஊர் உண்டா? விதியைக் கேட்டால் சிரிப்பீர்கள். கற்போர் உதவி மையத்தை (ஸ்டடி சென்டருக்கு விதியில் உள்ள பெயர்) ஃபிரான்சைஸ் முறையில் யாருக்கும் கொடுக்கவே கூடாது. மையம், அங்கீகரிக்கப்பட்ட கல்லூரி ஒன்றுக்குள் இருக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகமோ மாநிலச் சட்டத்தின் கீழ் வந்த தனியார் பல்கலைக்கழகமோ தன் எல்லைக்கு வெளியே மையம் வைக்க முடியாது. வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தின் தனியார் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பூரிலும் தேனியிலும் தொலைநிலை மையம் இருந்தால், அந்தப் பல்கலைக்கழகம் நிஜமானதாகவே இருந்தாலும் அந்த மையத்தின் வழியே சேர்ந்தது செல்லாமல் போகலாம். இக்னோ நாடு முழுவதற்குமானது. அனுமதி பெற்ற ஆன்லைன் படிப்புக்கும் எல்லை கிடையாது. அதனால்தான் புரோக்கர்கள் இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் "ஆன்லைன்தான் சார்" என்கிறார்கள். பட்டியலில் அது ஆன்லைன் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பணத்தை மையத்துக்காரரின் ஜிபேயில் போடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டும், அவர்கள் தளத்தின் வழியாக. "ஒரே வருஷத்தில் டிகிரி, பழைய தேதியில் போட்டுத் தருகிறோம், ரெகுலர் என்றே வரும்" என்று சொல்கிறவரிடம் பேச்சே வேண்டாம். எந்த முறையில் படித்தீர்கள், எப்போது சேர்ந்தீர்கள், எப்போது முடித்தீர்கள் என்பதெல்லாம் சான்றிதழின் பின்பக்கத்தில் வர வேண்டும் என்பது விதி. அதை மறைத்துத் தருகிறேன் என்பவர் உங்கள் தலையில் ஒரு மோசடி வழக்கையும் சேர்த்துக் கட்டுகிறார்.

2024 ஜூலை அமர்விலிருந்து டெப் ஐடி இல்லாமல் சேர முடியாது. முதலில் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்), அதை வைத்து யுஜிசி தளத்தில் டெப் ஐடி. காசு கிடையாது. இதற்கும் புரோக்கர்கள் ஐந்நூறு ரூபாய் வாங்குகிறார்கள். பணம் போனால்கூடப் போகட்டும், அவர்களுடைய மொபைல் எண்ணைப் போட்டு உருவாக்கிவிடுவதுதான் ஆபத்து. அந்த ஐடி வாழ்நாளுக்கும் ஒன்றுதான். ஓடிபி இன்னொருவர் போனுக்குப் போனால் பிறகு ஒவ்வொன்றுக்கும் அவர் பின்னால் அலைய வேண்டும். உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல், நீங்களே செய்யுங்கள். அதற்கு முன் ஆதாரையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபாருங்கள். நம் ஊர் இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் அப்பா பெயராக விரிந்திருக்கும். ஆதாரைத் திருத்திக்கொண்டு தொடங்குவது நல்லது. பட்டம் வந்த பிறகு பெயரைத் திருத்துவது என்றால் பரீட்சைப் பிரிவு, பதிவாளர் அலுவலகம், அரசிதழ் என்று ஒரு தனி வாழ்க்கை.

சில படிப்புகளைத் தொலைநிலையில் யாராலும் கொடுக்க முடியாது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, கட்டடக்கலை, சட்டம், வேளாண்மை, ஹோட்டல் மேனேஜ்மென்ட் ஆகியவை அதில் அடக்கம். எம்பில், பிஎச்டி ஆகியவையும் கிடையாது, ஆன்லைனிலும் கிடையாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் அமர்விலிருந்து உளவியலும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, உணவும் ஊட்டச்சத்தும் போன்றவையும் அப்படியே. கவுன்சிலிங் வேலைக்குப் போகலாம் என்று எம்எஸ்சி சைக்காலஜி கரஸ் தேடுகிறவர்கள் ஏராளம். பழைய நோட்டீஸைக் காட்டி இன்னும் ஆள் சேர்ப்பவர்கள் இருப்பார்கள், கவனம். பி.எட் தொலைநிலையில் உண்டு, ஆனால் ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு கரஸ் பி.எட் சேர முடியாது.

யுஜிசி அனுமதி சரியாக இருந்தும் தமிழ்நாடு அரசு வேலையில் தட்டிப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, படித்த வரிசை. பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்று வந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய பட்டம் அரசுப் பணிக்கு ஆகாது என்பது 2009 ஆகஸ்டில் வந்த அரசாணை 107இன் சாரம். "எட்டாவது போதும், நேரா டிகிரி" என்ற விளம்பரம் இன்றைக்கும் ஆட்டோ முதுகில் ஓடிக்கொண்டிருக்கிறது. தனியார் வேலைக்கோ ஆசைக்கோ படிக்கலாம். டிஎன்பிஎஸ்சி நினைப்பு இருந்தால் முதலில் பிளஸ் டூ எழுதுங்கள்.

இன்னொன்று, பட்டத்தின் பெயர். வேலை அறிவிப்பில் கேட்ட பாடம் ஒன்று, உங்கள் பட்டத்தில் இருக்கும் பெயர் சற்றே வேறு என்றால் இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை கேட்பார்கள். அது தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் குழு பரிசீலித்து, உயர்கல்வித் துறை வெளியிடுவது. டிஎன்பிஎஸ்சியில் அந்த ஆணை, தேர்வு அறிவிக்கை வெளியான தேதியிலோ அதற்கு முன்போ வந்திருக்க வேண்டும். தேர்வில் தேறிய பிறகு ஓடிப்போய் வாங்கி வந்தால் எடுபடாது. ஆகவே கவர்ச்சியான புதுப் பெயருள்ள பட்டத்தைவிட வழக்கமான பெயருள்ள பட்டமே நல்லது.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்கள் சேருமுன் துறையின் முன் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "ஹெச்எம்மிடம் வாய்மொழியாகச் சொன்னேன்" என்பதற்குக் கோப்பில் இடமில்லை. பின்னேற்புக்காக (சேர்ந்த பிறகு கேட்கும் அனுமதிக்காக) நடையாய் நடந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிறகு உண்மைத்தன்மைச் சான்றுக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டியிருக்கும். பதில் வராவிட்டால் அலுவலகம் நினைவூட்டல் அனுப்பும் என்று நம்பி உட்கார வேண்டாம். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே கேளுங்கள்.

அனுமதி பெற்ற படிப்புதான், ஆனாலும் "கரஸ் டிகிரி எடுக்க மாட்டோம்" என்று ஒரு நிறுவனம் மறுத்தால், 2022 செப்டம்பரில் யுஜிசி வெளியிட்ட அறிவிப்பின் நகலை நீட்டுங்கள். 2020 விதிமுறைகளின் 22ஆம் விதிப்படி, அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று அதில் இருக்கிறது. வேலைக்கான அறிவிப்பிலேயே வேறு நிபந்தனை போட்டிருந்தால் இது மட்டும் போதாது.

சேர்ந்தாகிவிட்டது, இப்போதுதான் சந்தேகம் வந்திருக்கிறது என்பவர்களுக்கு: கல்லூரி வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. மத்திய அரசின் ஆன்லைன் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) தளத்தில் 10 ரூபாய் கட்டி யுஜிசிக்கு மனுப் போடுங்கள். "என் பட்டம் செல்லுமா?" என்று கேட்டால், கருத்துச் சொல்வது எங்கள் வேலை அல்ல என்று திருப்பிவிடுவார்கள். "இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் படிப்புக்கு, இந்த அமர்வில், தொலைநிலை முறையில் வழங்கப்பட்ட அனுமதிக் கடிதத்தின் நகலும் அதன் இணைப்பும் தேவை, வழங்கப்படவில்லை எனில் அப்படியே தெரிவிக்கவும்" என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரும் பதில் உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், அலுவலகத்தில் காட்டவோ வக்கீலிடம் கொடுக்கவோ உதவுகிற காகிதம் அதுதான். பதில் வராவிட்டாலோ, "தளத்தில் பார்க்கவும்" என்று ஒரு வரியில் தட்டிக்கழித்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே தளத்தில் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.