பழைய கதவைத் தேய்க்கும் முன்

வீட்டு உள் அலங்காரத்துக்காக என்னிடம் வருகிறவர்கள் கொஞ்ச நாளாக போனில் காட்டும் படங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளைச் சுவர், கறுப்பு ஜன்னல் சட்டம், தண்டவாளத்தில் நகரும் மரக்கதவு, பெயின்ட் பாதி உரிந்த மேசை. மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ். அமெரிக்கப் பண்ணை வீடுகளையும் களஞ்சியங்களையும் பார்த்துப் பிறந்த பாணி. எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அந்த உரிந்த பெயின்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கோவையில் ஒரு வீடு. காரைக்குடியில் பழைய சாமான் கடையில் ஆசையாக வாங்கி வந்த தேக்குக் கதவு. "ரெண்டே நாள்ல மெஷின் போட்டு மரத்தைக் காட்டிடறேன் மேடம்" என்றார் கார்பென்டர். "அண்ணா, கொஞ்சம் பொறுங்க" என்று பெயின்ட் உரிந்த ஓரத்தைப் பார்த்தேன். மேலே பச்சை, அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் செங்காவி. பழைய பெயின்ட்களில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில்தான் ஈயம் அதிகம். சுரண்டிய துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஈயம் இருந்தது.

வீட்டு பெயின்டில் ஈயத்தை அமெரிக்கா 1978-லேயே தடை செய்துவிட்டது. இந்தியாவில் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் பெயின்ட் அடித்த எந்த மரத்தையும் நான் சந்தேகத்தோடுதான் தொடுகிறேன். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். பாதிப்பு மூளை வளர்ச்சியில்.

தொழிலுக்கு வந்த புதிதில், இதே போன்ற ஒரு ஜன்னலை வீட்டுக் கூடத்திலேயே தேய்க்க விட்டேன். சாயங்காலம் அந்த வீட்டுக் குழந்தை தவழ்ந்து போன தடம் தரைத் தூசியில் அப்படியே தெரிந்தது. அது என்ன தூசி என்று அன்று எனக்குத் தெரியாது. இன்றும் அந்தத் தடம் மனதை விட்டுப் போகவில்லை.

மெஷினும் வேண்டாம், ப்ளோ லேம்ப் வைத்துக் கருக்கவும் வேண்டாம். ஒன்று தூசியைக் கிளப்பும், மற்றது ஈயப் புகையை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் வெளியில் வைத்து, பெயின்டை இளக்கும் ரிமூவர் பூசி, ஈரமாகச் சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்துக்கொள்ளுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். துணி மாஸ்க் போதாது. வேலை செய்பவர் அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனால் தூசி அவர் பிள்ளைகளிடம் போகும்; மாற்றுத்துணி கொண்டுவரச் சொல்லுங்கள்.

சரக்கு அடுக்கி அனுப்பும் மரத் தட்டான பேலட்டின் பலகையில் அலமாரி கேட்பவர்களும் உண்டு. பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. என்றால் பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையிட்டது. அதை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. ஹெச்.டி. பலகையிலும் வழியில் என்ன ரசாயனம் சிந்தியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சமையலறைக்கும் குழந்தை அறைக்கும் அதுவும் வேண்டாம்.

அந்தத் தேக்குக் கதவு நகரும் கதவாகவில்லை. திறந்து மூடும்போது ஓரம் உரசி, தூசி உதிர்ந்துகொண்டே இருக்கும் அல்லவா? உரியும் இடங்களை ஈரமாக எடுத்து, மேலே நிறமில்லாத கிளியர் கோட் அடித்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் படுக்கைவாட்டில் சுவரில் மாட்டினோம். நகரும் கதவைப் புது மரத்தில் செய்து கொடுத்தார் கார்பென்டர்.