சாதகம்: பயிற்சியா, பழக்கமா?

பாட்டுக் கற்பவர்கள் திரும்பத் திரும்பப் பாடிப் பழகுவதைச் 'சாதகம்' என்பார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்பதுதான் கேள்வி. 'சாதகம்' என்று தமிழில் எழுதினால் மூன்று வடசொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்கும். பிறந்த நேரத்தை வைத்துக் கணிக்கும் ஜாதகம் ஒன்று. மழைத்துளியை மட்டுமே குடிப்பதாகச் சொல்லப்படும் பறவை இன்னொன்று. சாதக பாதகத்தில் வருவதும், பாட்டு வாத்தியார் "சாதகம் பண்ணினியா?" என்று கேட்பதும் மூன்றாவது. அதன் வேருக்குச் செய்து முடித்தல் என்று பொருள். சாதனை, சாத்தியம், சாதித்தல் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். (சாதி அந்த வீடில்லை, அது ஜாதி.)

வேர்ப்பொருள்படி, கைகூடும்வரை செய்வதுதான் சாதகம். நூறு தடவை பாடியும் அதே இடத்தில் சுருதி விலகினால் கணக்கில் சேராது.

அகார சாதகத்தை, அதாவது 'ஆ' என்றே பாடிப் பழகுவதைப் பாருங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசை (தொடக்கப் பாடம்): ஏற 8 சுரம், இறங்க 8. ஆதி தாளத்தில் முதல் காலத்துக்கு (முதல் வேகத்துக்கு) இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), இரண்டாம் காலத்துக்கு ஒன்று. மூன்றாம் காலத்தில் அரை ஆவர்த்தனத்திலேயே முடிந்துவிடும் என்பதால் இரண்டு முறை பாடி நிரப்ப வேண்டும். சுரப்பெயர் சொல்லிப் பாடியதை அடுத்து வெறும் 'ஆ'வில் பாட வேண்டும். ச, ரி, க என்ற எழுத்துகள் மறைத்து வைத்திருந்த தப்பெல்லாம் அப்போது வெளியே வரும். ஷட்ஜத்தை ('ச') ஒட்டி நிற்க வேண்டிய சுத்த ரிஷபம் ('ரி') மேலே ஏறும். சுரத்துக்குச் சுரம் 'ஹ' விழும். தொண்டையில் இடம் பிடிபடாமல் மூச்சால் தள்ளுவதால் வருவது. வாய் சரியாகத் திறக்காவிட்டால் 'ஆ' மெல்ல 'ஓ' ஆகும். மூன்றாம் காலத்தில் தாளம் போடும் கையும் தொண்டையோடு சேர்ந்து ஓடும். ஓடினால் இரண்டாம் காலத்துக்கே திரும்ப வேண்டும். வேகத்தில் வைத்தே திருத்தப் பார்த்தால் தப்பும் சேர்ந்து பழகிவிடும்.

சாதகத்தைத் தமிழில் 'பயிற்சி' என்கிறார்கள். 'பயில்' என்பதற்கு அடிக்கடி நிகழ்தல் என்ற பொருளும் உண்டு, பொருத்தம்தான். (பயில்வானுக்கும் இதற்கும் உறவில்லை, அவர் பாரசீகத்திலிருந்து வந்தவர்.) ஆனால் பயிற்சி, செய்வதோடு நின்றுவிடுகிறது. "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்ற பழம்பாடல் அடியில் வரும் 'பழக்கம்' என்ற சொல், செய்தது உடம்பில் தங்கிப்போனதையும் சேர்த்துச் சொல்கிறது. எங்கள் தேர்வு அதுதான்: அகாரப் பழக்கம்.

கலைக் கல்வியை மணிக்கணக்கில் குறிக்கும் இடத்தில் பயிற்சி போதும். பிள்ளைக்கு என்ன வந்திருக்கிறது என்று எழுதும் இடத்தில் 'கைவந்தது' என்றே எழுதலாம்: தம்பூரா மட்டும் ஒலிக்கிறது, 'ஆ'வில் ரிஷபம் விலகுகிறது, யாரும் சொல்லாமல் பிள்ளையே நிறுத்தி ஷட்ஜத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது.