ஆடு மாடு உள்ள வீட்டில் செவ்வரளியா, மஞ்சள் அரளியா?

சென்ற வாரம் மறுபடியும் ஒரு கறவை மாடு. நான் போய்ச் சேர்ந்தபோது தொழுவத்தில் தலையைத் தொங்கப்போட்டு, உமிழ்நீர் ஒழுக நின்றுகொண்டிருந்தது. காதுகளும் கால் நுனிகளும் சில்லிட்டிருந்தன. நல்ல நிலையில் உள்ள மாட்டின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 80 முறை சீராகத் துடிக்கும். இங்கே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் மூன்று துடிப்பு, ஒரு நிறுத்தம், அவசரமாக இரண்டு துடிப்பு, மறுபடியும் நீண்ட நிறுத்தம். இப்படிக் கேட்டால் நான் அடுத்துப் பார்ப்பது வேலியைத்தான். ஆள் உயரத்துக்குச் செவ்வரளி, புதிதாகக் கத்தரித்து மட்டமாக நின்றது. வெட்டிய கிளைகள் எங்கே என்று கேட்டேன்.

"மூன்று நாளாக அந்த ஓரத்தில்தான் கிடக்கின்றன, டாக்டர். அரளியை மாடு தொடாதே!"

மாடு அன்றிரவே இறந்துவிட்டது. அதனுடன் கட்டியிருந்த ஆடு நான் போவதற்கு முன்பே இறந்திருந்தது.

"அரளியை மாடு தொடாது." இந்த ஒரு வாக்கியத்தால் இறந்த கால்நடைகளை நான் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன். எனவே இதை முழுதாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

செடியில் பச்சையாக நிற்கும் அரளி இலை கடுமையான கசப்பு. வயிறு நிறைந்த மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பலரும் காலம்காலமாகப் பார்த்திருப்பது இதை மட்டும்தான். அதுவரை அது உண்மைதான். அந்தக் கிளையை வெட்டிப் போட்ட பிறகு கதை மாறுகிறது. இலை வாட வாட அதன் கசப்பு மட்டுப்படுகிறது. விஷம் மட்டுப்படுவதில்லை. நன்றாக உலர்ந்து சருகான இலையிலும் அது அப்படியே இருக்கிறது. மாட்டைத் தடுத்துக்கொண்டிருந்த ஒரே காவல் அந்தக் கசப்புதான், அது போய்விட்டது. அதே சருகு உலர்தீவனத்தோடு கலந்துவிட்டால் மாட்டுக்குப் பிரித்தறிய வழியே இல்லை. மாடு ஆட்டைப் போல ஒவ்வோர் இலையாகப் பொறுக்கித் தின்னும் பிராணி அல்ல; நாக்கால் சுருட்டி வாய் நிறைய இழுத்துக்கொள்ளும், பிறகுதான் அசைபோடும். பொறுக்கித் தின்னும் ஆடாவது தப்பிக்கும் என்று நம்பாதீர்கள். புதிதாகக் கிடக்கும் தழை எதையும் கடித்துப் பார்ப்பது ஆட்டின் குணம். கோடையில் பசுந்தீவனம் இல்லாமல் பசித்திருந்தால், பச்சை இலையையே தின்கின்ற மாடுகளும் உண்டு.

விலங்குகளுக்கு எல்லாம் தெரியும், தனக்கு ஆகாததைத் தானே ஒதுக்கிவிடும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மாட்டுக்குத் தெரிவது கசப்பும் இனிப்பும்தான். விஷத்துக்கென்று தனிச் சுவை கிடையாது.

எவ்வளவு தின்றால் ஆபத்து என்று கேட்பார்கள். வளர்ந்த மாட்டுக்கு ஒரு கைப்பிடி இலை போதும். மாட்டால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் முதல் இரைப்பையில் அந்த ஒரு பிடி இலை ஊறிக்கொண்டே இருக்கும், விஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

சரி, செடிகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் மாட்டைப் புதைத்த கையோடு என்னிடம் கேட்கப்படும் கேள்வி, "செவ்வரளியைப் பிடுங்கிவிட்டு மஞ்சள் அரளி வைக்கலாமா?" என்பது. இதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மஞ்சள் அரளியின் காய் விஷம் என்று கேள்விப்பட்டு, நீள்காய் காய்க்கும் செவ்வரளி வெறும் பூச்செடிதானே என்று நினைப்பவர்கள்.

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வெவ்வேறு செடிகள். செவ்வரளி மத்தியதரைக் கடல் பகுதி தொடங்கி ஆசியா வரை பரவிய புதர். அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பும், தடித்த நீள இலைகள் பெரும்பாலும் கணுவுக்கு மூன்றாக இருக்கும். பூ சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று பல நிறம். மஞ்சள் அரளி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது, விட்டால் சிறு மரமாகவே வளர்ந்துவிடும். இலை குறுகலாக, பளபளப்பாக இருக்கும்; ஒடித்தால் பால் வடியும். பூ புனல் வடிவில் தொங்கும். லின்னேயஸ் 1753இல் இதற்குச் சூட்டிய பேரினப் பெயர் செர்பெரா. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் நாய் செர்பரஸின் பெயர் அது. செடியின் குணம் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிரேதப் பரிசோதனையில் இரைப்பையைத் திறக்கும்போது இந்த இலை வேறுபாடு எங்களுக்கு உதவுகிறது. செவ்வரளி இலைத்துண்டில் நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் நெருக்கமாக, இணைகோடுகளாக ஓடும். மஞ்சள் அரளியில் நடுநரம்பு மட்டும்தான் தெளிவாகத் தெரியும்.

விஷத்தைப் பொறுத்தவரை செவ்வரளியில் ஒலியாண்ட்ரின், மஞ்சள் அரளியில் தெவெட்டினும் அதன் உறவுப் பொருள்களும். எல்லாமே இதயத்தைத் தாக்குபவை. இலை, பூ, பட்டை, வேர், விதை என்று இரு செடிகளிலும் விலக்கான பகுதி கிடையாது. ஆகவே 'எதில் விஷம் குறைவு' என்று கேட்டுத் தேர்வு செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் அந்த விஷம் எந்த வழியாக வாய்க்குப் போய்ச் சேரும் என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் இரண்டும் உண்மையாகவே வேறுபடுகின்றன.

செவ்வரளி அடர்ந்த வேலியாக நிற்க வேண்டுமென்றால் அடிக்கடி கவாத்து செய்ய வேண்டும். ஒவ்வொரு கவாத்துக்கும் ஒரு குவியல் கிளை விழும், நான் பார்த்த மாட்டுச் சாவுகள் பெரும்பாலும் அந்தக் குவியலிலிருந்து வந்தவை. மஞ்சள் அரளிக்கு அவ்வளவு வெட்டு தேவைப்படாது. ஆனால் கத்தரிக்கோலே படாமல் தன் காய்களைத் தானே உதிர்க்கும். பச்சையில் விளைந்து கறுத்து விழும் அந்தக் காய்க்குள் கெட்டியான கொட்டை. குழந்தைகள் அதைப் பொறுக்கி விளையாடுவார்கள். எனவே ஆடு மாடு உள்ள வீட்டில் முதலில் போகவேண்டியது செவ்வரளி வேலி. சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் முதலில் போகவேண்டியது மஞ்சள் அரளி. இரண்டு தரப்பும் உள்ள வீட்டில் இரண்டுமே வேண்டாம். பூவும் வேண்டும், வேலியும் வேண்டும் என்றால் செம்பருத்தி வையுங்கள். ஆடு மேய்ந்துவிடும் என்பீர்கள். மேயட்டும், அதனால் ஆடு சாகாது.

ஏற்கெனவே நிற்கும் செடியை இன்றே பிடுங்க முடியாது என்று தெரியும். அதுவரையாவது இவற்றைச் செய்யுங்கள். கவாத்து நாளில் கால்நடைகளை வேறிடத்தில் கட்டுங்கள். வெட்டியதை அன்றே, கடைசிச் சருகு வரை கூட்டி அள்ளி ஆழப் புதையுங்கள். எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். குப்பைக்குழியில் போட்டால் கோழியும் ஆடும் கிளறும். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கிளை நீட்டிக்கொண்டிருந்தால் தொட்டியை நகர்த்துங்கள். இலை விழுந்து ஊறிய நீரும் ஆபத்துதான். வெளியாள் வந்து வெட்டினால் பக்கத்தில் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டு வேலியானால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள். பலருக்கு உண்மையிலேயே தெரியாது. குழந்தை எதையாவது வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தால்கூட, அறிகுறிக்குக் காத்திராமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மாடு தின்றுவிட்டதாகத் தோன்றினால் எண்ணெய், மோர் என்று ஊற்றிப் பொழுதைக் கழிக்காதீர்கள். முறிக்கும் என்று நம்பி ஊற்றியது நுரையீரலுக்குள் போய் அதனாலேயே இறந்த மாடுகள் உண்டு. நடத்தாதீர்கள், விரட்டாதீர்கள், தடுமாறும் இதயத்துக்கு நடையே பாரம். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் நாங்கள் வந்துவிட்டால் குழாய் வழியே கரியைச் செலுத்தலாம், தேவைப்பட்டால் இரைப்பையைத் திறந்தே இலையை அள்ளி வெளியே எடுக்கலாம். அறிகுறி முற்றிய பிறகு எங்கள் கையில் இருப்பது மிகக் குறைவு.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். தொலைபேசியில் அழைக்கும்போது "மாடு படுத்துவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள். கறவை மாடு படுத்துவிட்டது என்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம் என்றுதான் எங்கள் எண்ணம் போகும், கால்சியம் பாட்டிலோடு வருவோம். அரளி தின்ற மாட்டுக்குக் கால்சியம் ஏற்றக்கூடாது. "வேலியில் அரளி இருக்கிறது, நேற்று வெட்டினோம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெட்டிய கிளையில் ஒரு துண்டைக் கையில் எடுத்து வைத்திருங்கள், நான் வந்ததும் காட்டுங்கள்.