பல் எடுத்த இடம் ஆறவே இல்லையா?

பல்லை எடுத்தால் சாதாரணமாக இரண்டு மூன்று வாரத்தில் ஈறு மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும், அது வெளியே தெரியாது. ஆனால் ஒன்றரை மாதம் ஆகியும் ஈறு மூடாமல், பெரிய வலியும் இல்லாமல், சீழ் மட்டும் கசிந்துகொண்டே இருந்தால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது; அபூர்வமாக அது காசநோயாகவும் இருக்கலாம். அப்படித்தான் ஒரு அம்மா என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். "பல்லே இல்ல டாக்டர், ஆனா சீழ் நிக்க மாட்டேங்குது" என்றார்.

கீழ்த்தாடை வலப்பக்கக் கடைவாய்ப்பல்லை வேறோர் இடத்தில் எடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். தாடைக்கு அடியில் ஒரு வீக்கம். தொட்டால் சூடில்லை, சிவப்பில்லை, அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. பல்லிலிருந்து வரும் சீழ்க்கட்டி பெரும்பாலும் இப்படி இருக்காது. தெறிக்கும், ராத்திரி தூங்க விடாது. கழுத்தைத் தடவிப் பார்த்தேன். இரண்டு மூன்று நெறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா என்று கேட்டதற்கு, "உடம்பு கதகதன்னு இருக்கும், வேலை அசதின்னு விட்டுட்டேன்" என்றார். ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாக மகள் பக்கத்திலிருந்து சொன்னாள்.

காசநோய் என்றால் நெஞ்சுச் சளி என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. தாடை எலும்பில் அது வருவது அபூர்வம்தான். வரும்போது மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம். பெரும்பாலும் நுரையீரலில் இருக்கும் கிருமி ரத்தம் வழியாக வந்து எலும்பில் உட்காரும். சிலருக்குச் சளியில் இருக்கும் கிருமி, பல் எடுத்த குழி வழியாகவோ சொத்தை விழுந்து திறந்து கிடக்கும் பல் வழியாகவோ உள்ளே இறங்கும். பக்கத்து நெறியிலிருந்து பரவுவதும் உண்டு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் எலும்பு செல்லரித்த மாதிரி, ஓரம் தெளிவில்லாமல் கறுத்துத் தெரிந்தது. சாதாரண எலும்புச் சீழ் நோயும் இப்படித் தெரியும், புற்றுநோயும் இப்படித் தெரியும். அதனால் பயாப்ஸி எடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னேன். "சதையை வெட்டினா நோய் பரவிடும்னு சொல்றாங்களே" என்று அந்த அம்மா பயந்தார். இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பரவாது. துளி சதை எடுத்துப் பார்க்காமல் மாதக்கணக்கில் மாத்திரை மாற்றிக்கொண்டிருப்பதில்தான் எலும்பு கரைகிறது.

இதைப் படிக்கும் பல் மருத்துவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: எடுக்கும் சதையை இரண்டு பாட்டிலில் போடுங்கள். ஒன்றில் சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின், இன்னொன்றில் நார்மல் சலைன் என்ற உப்புநீர். ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துவிடும், அப்புறம் கல்ச்சர் செய்ய, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, வழியில்லை. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கும் சிபிநாட் டெஸ்ட்டுக்கும் சலைனில் வைத்த சதைதான் வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் முழுச் சதையையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பினேன். ரிப்போர்ட்டில் கிரானுலோமா, அதாவது அழற்சி அணுக்கள் திரண்ட முடிச்சு, என்று வந்தது. காசநோயில் வருவது போலவே பூஞ்சைத் தொற்றிலும் கிரானுலோமா வரும். எதுவென்று தெரிந்துகொள்ள அந்த நோயாளியின் தாடையை மறுபடியும் திறக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

எலும்புக் காசநோயில் கிருமியின் எண்ணிக்கை மிகக் குறைவு. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு மில்லியில் 5,000 கிருமிக்கு மேல் இருக்க வேண்டும், தாடைச் சதையில் அவ்வளவு கிடைப்பது அரிது. சிபிநாட் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது, சுமார் 2 மணி நேரத்தில் பதில் வரும். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதும் கூடவே தெரிந்துவிடும். அதில் வராவிட்டாலும் கல்ச்சருக்குக் காத்திருக்க வேண்டும், அதற்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். கையில் போட்டுப் பார்க்கும் காசநோய்ச் சோதனையான மாண்டோ ஊசி வீங்கிவிட்டதென்று மருந்து ஆரம்பிக்கக் கூடாது. கிருமி எப்போதோ உடம்பில் நுழைந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் கவலை தருவது. பல்வலி என்று மருந்துக்கடையில் கேட்டால் ஆஃப்லாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மருந்து வகை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். பத்து நாள் வீக்கம் வற்றும், குணமாகிவிட்டதென்று நினைப்போம், டெஸ்ட்டிலும் கிருமி சிக்காமல் போகலாம். அந்த அம்மா சாப்பிட்ட மூன்று கோர்ஸில் இரண்டு இந்த வகைதான்.

அவருக்குச் சாயப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை. சிபிநாட்டில் வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பக்கம் ஒரு நிழல்; சளியில் கிருமி இல்லை. தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டதாக மகள் சொன்னாள். தட்டிலும் டம்ளரிலும் காசநோய் ஒட்டாது, காற்றில்தான் பரவும் என்று சொல்லி எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றுவதில்லை என்று 1950களிலேயே உலகத்துக்கு நிரூபித்தது நம் சென்னையில் நடந்த ஆய்வுதான்.

மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். நுரையீரலுக்கு 6 மாதம், எலும்பு என்றால் அதற்கும் மேலே நீட்டிப்பார்கள். முதல் வாரமே, "சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகுது" என்று பதறிக்கொண்டு போன் செய்தார். ரிஃபாம்பிசின் செய்யும் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் சீழ் நின்றது. எட்டாம் மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் கறுப்பு சுருங்கி, ஓரத்திலிருந்து எலும்பு வெள்ளையாக ஏறியிருந்தது. அதைக் காட்டியபோது, "அங்க பல்லு கட்டிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். கோர்ஸ் முடியட்டும் அம்மா, கட்டிவிடலாம் என்றேன்.