ஆறாயிரம் பிரதிகளில் ஒன்று

"ரத்தத்தில் கட்டி டிஎன்ஏ இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இனி இரைப்பைப் புற்றுநோய் திரும்பாதா?" அறுவை முடிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

சாகும் செல்கள் தங்கள் டிஎன்ஏவை 166 எழுத்து நீளமுள்ள துணுக்குகளாக ரத்தத்தில் விடுகின்றன. கட்டி விடும் துணுக்குகள் இன்னும் சற்றுக் குட்டை. ஓரிரு மணி நேரத்தில் பாதி அழிந்துவிடும். ஆகவே இன்று தென்படுவது பழைய மிச்சமல்ல. அதை விடும் செல் இன்னும் உள்ளே இருக்கிறது. வெட்டி எடுத்த கட்டியை வரிசைப்படுத்தி (அதாவது அதன் டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படித்து), அதற்கே உரிய பிறழ்வுகளை, அதாவது எழுத்து மாற்றங்களைக் குறித்துக்கொண்டு, ரத்தத்தில் தேடுவார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 10 மில்லி ரத்தத்தில், செல்களை நீக்கினால் கிடைக்கும் திரவமான பிளாஸ்மா சுமார் 4 மில்லி. மில்லிக்கு 5 நானோகிராம் டிஎன்ஏ என்றால் மொத்தம் 20. ஒரு நானோகிராமில் ஏறக்குறைய 300 மரபணுத்தொகுதிப் பிரதிகள் (மனித டிஎன்ஏ முழுத்தொகுப்பின் நகல்கள்), ஆக 6,000. பத்தாயிரத்தில் ஒன்றுதான் கட்டியுடையது என்றால், ஒரு குறிப்பிட்ட பிறழ்வைத் தாங்கிய துணுக்கு சராசரியாக 0.6. அதாவது பாதிக்கு மேற்பட்ட முறை அந்தக் குழாயில் அது இருக்கவே இருக்காது! எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமானாலும் இல்லாததை எப்படிக் காணும்? அதனால்தான் ஒன்றுக்குப் பதில் 16 பிறழ்வுகளைத் தேடுகிறார்கள்: சராசரி 9.6 ஆகிவிடும், ஒன்றாவது சிக்கும். ஆய்வகத்தில் பிரித்தெடுக்கும்போது ஒரு பங்கு வீணாவது தனி.

கெடுவது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் இடத்தில்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் சாதாரண ஈடிடிஏ குழாயில் சில மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் வெள்ளணுக்கள் உடைந்து, தங்கள் டிஎன்ஏவைக் கொட்டிக் கட்டியின் பங்கை நீர்த்துப்போகச் செய்யும். அறுவைக் காயமும் அப்படியே. நான்கு வாரமாவது பொறுத்து எடுப்பது நல்லது. வயதானவர்களின் வெள்ளணுக்களிலேயே டிஎன்எம்டி3ஏ, டெட்2 மரபணுக்களில் பிறழ்வு இருக்கலாம். வெள்ளணுக்களையும் கூடவே வரிசைப்படுத்தாவிட்டால் அதைக் கட்டியென்று நினைத்து ஏமாறலாம்.

இரைப்பைக்கென்று ஒரு தொல்லை உண்டு. இந்நோய் அடிக்கடி வயிற்றறைச் சவ்வில் திரும்பும். அங்கிருந்து ரத்தத்துக்கு வரும் டிஎன்ஏ சொற்பம். சிடி ஸ்கேனும் அங்கே தடுமாறும். எனவே 'நெகட்டிவ்' வந்தாலும் எண்டோஸ்கோபியையும் ஸ்கேனையும் நிறுத்தக்கூடாது. 'பாசிட்டிவ்' வந்தால் ஸ்கேனில் தெரிவதற்குச் சில மாதம் முன்பே எச்சரிக்கை கிடைக்கலாம். ஆனால் எந்த இடம் என்று அது சொல்லாது. அந்த மாதங்களில் சிகிச்சையை மாற்றினால் ஆயுள் கூடுமா என்று பார்க்கும் ஆய்வுகளுக்குத்தான் பணம் போக வேண்டும். இன்னும் நுண்ணிய சோதனைக்கு அல்ல.

'இல்லை' என்ற ரிப்போர்ட்டில் எத்தனை பிரதிகளைப் பார்த்தார்கள், எத்தனை பிறழ்வுகளைத் தேடினார்கள் என்று கேட்டு வாங்குங்கள். 1,000 பிரதிகளில் 'இல்லை' என்பதும் 10,000 பிரதிகளில் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல.